மகிழினியின் பாட்டில் சேர்த்த இரண்டு வரி

எண்ணூர்
11.8.2025

போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

வாட்ஸ்அப்பில் எது கேட்டாலும் கைகூப்பும் படம் மட்டும் அனுப்புகிறீர்கள். அதனால் தாளில் எழுதுகிறேன்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விதவிதமாய்ப் பாட்டு எழுதப் பழக்கு என்றீர்கள். சங்கீதத்தைப் போல ஒன்றையே இரண்டு விதமாகச் சொல்வது, மூன்று வரி ஹைக்கூ, எல்லாம் ஆயிற்று. நேற்று ஒப்பாரி. "நம்ம சர்ச்ல ஒப்பாரி கூடாதே சார்?" என்றான் ஒருவன். வேதத்திலேயே புலம்பல் கிடக்கிறது, எழுதுடா என்றேன்.

மகிழினி எழுதியது இது. மணலியில் தொட்டி கழுவ இறங்கி மூச்சடைத்துப் போனாரே, அவர் மகள்.

அப்பா, உன் செருப்பு வாசல்லயே கீது
உன் சத்தம் வாசல் தாண்டி வரல
ஆண்டவரே, அப்பா கூப்ட்டப்போ எங்க இருந்தீரு
தொட்டிக்குள்ள காத்து இல்லாதப்போ எங்க இருந்தீரு

24ஆம் தேதி பிள்ளைகள் ஞாயிறு ஆராதனையில் அவள் இதை வாசிக்க வேண்டும். ஓர் எழுத்தும் மாறக்கூடாது.

வால்டர்

ராயபுரம்
14.8.2025

அன்புத் தம்பி வால்டருக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். ஷிப்ட் முடித்து நேரே வகுப்புக்கு ஓடி வருகிறாய். வேளைக்குச் சாப்பிடு. போன வாரம் மீன் குழம்பு எடுத்து வைத்தும் நீ வரவில்லை என்று என் மனைவிக்குக் கோபம்.

பாட்டைப் படித்துக் கலங்கிவிட்டேன். ஆனால் இப்படியொரு கேள்வியோடு பிள்ளையை மேடையில் நிறுத்தலாமா? அவள் அம்மா முன்வரிசையில் இருப்பாள். கடைசியில் துதியாய் இரண்டு வரி சேர்க்கலாம். நீயே பக்குவமாய் அவளிடம் சொல்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
தவசிமுத்து

எண்ணூர்
16.8.2025

ஐயா,

சொல்ல மாட்டேன். கம்பெனியில் நான் மீட்டர் பார்க்கிறவன். கேஸ் கசிகிறது என்று முள் காட்டினால், முள்ளைத் திருப்பி வைப்பதில்லை.

விடியாமலே முடிகிற பாட்டும் வேதத்தில் இருக்கிறது, 88ஆம் சங்கீதம். அதை ஆண்டவர் தாங்கினார். நம் சபை தாங்காதா?

வால்டர்

எண்ணூர்
25.8.2025

ஐயா,

நேற்று எனக்கு ஷிப்ட் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் டைப் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து அவள் வாசித்தாளாம். கடைசியில் நீங்கள் சேர்த்த இரண்டு வரி: "ஆனாலும் உம்மைத் துதிப்பேன், அப்பா உம்மிடத்தில் சுகமாய் இருக்கிறார்." எல்லோரும் கை தட்டினார்களாம்.

இன்று டோல்கேட்டில் அவளைப் பார்த்தேன். அடுத்து என்ன எழுதப் போகிறாய் என்றேன்.

"நான் இன்னாத்துக்கு சார் எழுதணும்? கடைசில ஐயாவே எழுதிக்கினு வந்துடுவாரு. எங்கம்மா வேற, 'அப்பா சுகமா கீறாருன்னு நீயேதான மைக்ல சொன்ன, இன்னும் இன்னாத்துக்கு அழுவுற'ன்னு கேக்குது."

இதற்கு என்ன பதில் சொல்லட்டும்?

வால்டர்

ராயபுரம்
28.8.2025

அன்புத் தம்பி,

உன் கோபம் நியாயம்தான். அவள் அப்பாவின் அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, அவள் கேட்டதையேதான் நானும் உள்ளுக்குள் கேட்டேன். போதகன் அதை வாய்விட்டுக் கேட்க முடியுமா? அந்த இரண்டு வரியும் எனக்கு வேண்டியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. பிள்ளைகள் உன்னைத் தேடுவார்கள்.

தவசிமுத்து

எண்ணூர்
30.8.2025

ஐயா,

அப்படியானால் அது உங்கள் பாட்டு. உங்கள் கேள்வியோடு நீங்களே மேடையேறி வாசித்திருக்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையின் வாயில் வைத்துவிட்டீர்கள்.

நான் வரவில்லை. வகுப்புக்கு வேறு ஆள் பாருங்கள்.

மகிழினி வீட்டுக்குப் போங்கள். அந்த வரிகள் உங்களுடையவை என்று அவள் அம்மா எதிரிலேயே சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அழ வேண்டும்.

வால்டர்