மூன்று மறுப்புக் கடிதங்கள்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று அறக்கட்டளைகளின் அலமாரிகளும் ஒருவழியாக ஒரே அறைக்கு வந்துவிட்டன. பச்சை இரும்பு அலமாரி மில்காரருடையது. கண்ணாடிக் கதவு போட்டது டாக்டரம்மா தன் கணவர் பெயரில் நடத்தும் அறக்கட்டளையுடையது. கால் ஆடுகிற மர அலமாரி எங்களுடையது. அப்பா அச்சகம் நடத்திய நாளிலிருந்து அப்படியேதான் ஆடுகிறது.

சேர்ந்து கொடுக்கத் தொடங்கி ஒன்பது வருடம். அந்த வருடம் ஒரே பள்ளிக்கு மூவரும் தனித்தனியாகத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்று தொட்டி, ஒரு குழாய். ஊரே சிரித்தது. அப்புறம்தான் டாக்டரம்மாவின் மருத்துவமனையில், நோயாளிகள் போனபிறகு, முதல் கூட்டம். மில்காரர் போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா பழக்கதோஷத்தில் "என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டார்.

"ஊர்தாம்மா என்னவோ பண்ணுது," என்றார் மில்காரர்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. மூன்று பேர், ஒரு பிளாஸ்க் டீ. அவ்வளவு போதுமாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

பழைய கோப்புகளை வருட வாரியாக அடுக்கினேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய கட்டுகளில் ஒரே கையெழுத்து மூன்று இடத்தில். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு தையல்காரி, இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து எழுதியது. எங்கள் மூவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பகலில் வேலையை விட்டு வர முடியாதவர்களுக்காக ஒரு மாலைநேர மருத்துவர்.

கூடவே எங்கள் பதில்களின் நகல்களும் இருந்தன. மில்காரர்: கல்விக்கு மட்டுமே உதவுகிறோம். டாக்டரம்மா: தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வரைதான் எங்கள் எல்லை. நான்: சங்கப் பதிவு எண் இல்லாததால் பரிசீலிக்க இயலாது.

நான்தான். என் கையெழுத்துதான். எழுதியவளின் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. நாலு பெண்கள் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கேட்டால் அதற்குப் பதிவு எண் எங்கிருந்து வரும்? அப்போது ஏன் இது தோன்றவில்லை?

மார்ச் 8, சனி

"என்ன, ஊமையாயிட்டே?" என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்குக் காபி போட எழுந்து போனேன்.

மார்ச் 11, செவ்வாய்

தண்டவாளத்தைத் தாண்டிப் போனேன். வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், பின்னால் கொடியில் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். நான் யார் என்று சொன்னதும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க எழுதின லெட்டர் ஞாபகம் இருக்கா?"

"எழுதினது மறந்துபோச்சு. வந்தது ஞாபகம் இருக்கு, மூணு. சட்டைக்கு அளவுக் காகிதமா வெட்டி வெச்சுக்கிட்டேன். அதுல உங்க பேப்பர்தான் நல்ல தடிப்பு."

அச்சகத்துத் தாள் ஆயிற்றே. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். இப்போது என்ன வேண்டும், சொல்லுங்கள் என்றேன்.

"நாங்க சொல்லுவோம். நீங்க கேட்டுட்டு, அங்க போய் நீங்களே முடிவு பண்ணுவீங்க. அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 15, சனி

கூட்டத்தில் எங்கள் மூன்று மறுப்புக் கடிதங்களையும் வரிசையாக வாசித்தேன். பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து நான்கு பேர் நம்மோடு உட்கார வேண்டும், நமக்குச் சமமாக அவர்களுக்கும் வாக்கு வேண்டும் என்றேன்.

"குடுக்கிறவனும் வாங்கறவனும் ஒண்ணா உக்காந்தா யாரு யாரைக் கேள்வி கேக்கறது?" என்றார் மில்காரர்.

"இத்தனை நாளா நம்மளை யாரு கேட்டா?" என்றார் டாக்டரம்மா.

மில்காரர் தன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "என் கையெழுத்துதான்," என்றார். அதை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். டீயை அவர் தொடவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவர் விலகினால் கூட்டு இல்லை. பெரும்பகுதி அவர் தருவது. ஒன்பது வருடத்தை நானே போட்டு உடைத்துவிட்டேனா? அந்த நோயாளி நாற்காலி, அந்தச் சிரிப்பு... வாயை மூடிக்கொண்டு அலமாரியை மட்டும் அடுக்கியிருக்கலாமோ?

இல்லை.

மார்ச் 24, திங்கள்

மில்காரரிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 5, சனி

மில்காரர் கூட்டத்துக்கு வந்தார். புதுச் சட்டை, இடது தோள் லேசாக இறங்கியிருந்தது.

"அந்தப் பக்கம் தைக்கக் குடுத்தேன். இன்னைக்கு வாங்கப் போனா மூணு மணி நேரம் உக்கார வெச்சுட்டா. வேணும்னு பண்ணலை, சீருடை அவசரமாம். நம்ம வராந்தாவுல எத்தனை பேரை இப்படி உக்கார வெச்சிருப்போம்னு நினைச்சேன்." தோளை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாலு பேரையும் வரச் சொல்லு. ஆனா நான் வாயை மூடிக்கிட்டு இருப்பேன்னு மட்டும் நினைக்காதே."

டாக்டரம்மா எழுந்து போய் அவருக்கு டீ ஊற்றினார். மூவரும் மட்டும் உட்காரும் கடைசி டீ என்று மூவருக்குமே தெரிந்திருந்தது. மெதுவாகக் குடித்தோம்.

ஜூன் 21, சனி

அந்தப் பக்கத்துப் பள்ளி அறையில் ஏழு பேரின் முதல் கூட்டம். நான் மாலைநேர மருத்துவருக்கு எல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். டாக்டரம்மா ஆளைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

"அது அப்ப கேட்டதும்மா," என்றாள் தையல்காரி. "இப்ப எங்க வீடுகளையே இடிக்கப் போறதா பேச்சு. யாருகிட்டயும் பத்திரம் இல்லை. எங்களுக்கு ஒரு வக்கீல் வேணும்."

வக்கீலுக்கு நாங்கள் இதுவரை கொடுத்ததே இல்லை. ஒரு மணி நேரம் வாதம். வாக்கெடுத்தபோது மருத்துவருக்கு இரண்டு: நானும் டாக்டரம்மாவும். வக்கீலுக்கு ஐந்து. ஐந்தாவது கை மில்காரருடையது.

முடிவைப் பதிவு செய்ய, ஒன்பது வருடப் பழக்கத்தில் குறிப்பேட்டை என் பக்கம் இழுத்தேன். தையல்காரி அதன்மேல் கை வைத்தாள்.

"விடுங்கம்மா. இதை நாங்க எழுதறோம்."

கை சும்மா இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். எந்த வக்கீல், யார் போய்ப் பேசுவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. மில்காரரும் நடுவில் புகுந்து கத்திக்கொண்டிருந்தார். எழுதுகிற அவசரம் இல்லாததால், ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.