நாலு சீட் தள்ளி

இன்று காலை எங்கள் மருந்து மையத்துக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி, டி.பி. மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இதை எப்படித்தான் முழுங்கறாங்க?" என்றாள். அந்த வாடை என் கைப்பையிலும் துப்பட்டாவிலும் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எனக்குத் தெரிவதே இல்லை. ஆனால் அவள் சுளித்த சுளிப்பில் நீ வந்து நின்றுவிட்டாய். நீயும் முதல் நாள் இதையேதான் செய்தாய். "ஏட்டி மாட்டுங்கா, இதத் திங்கதுக்கு அந்த நோவே தேவல போலயே" என்று என் காதைக் கடித்தாய். என் வீடு மாட்டுங்காவில், அதனால் உனக்கு என் பேரே அதுதான். மையத்து நர்ஸ் சுனந்தா சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

இந்தப் பிள்ளைகள் என் கூடவே இருந்து நான் செய்கிற வேலையைப் பார்த்துப் பழக வந்திருக்கிறார்கள். இதற்கு ஷேடோயிங் என்று பெயராம். நம் காலத்தில் பெயர் இவ்வளவு மிடுக்காக இல்லை. சனிக்கிழமைகளில் வாலண்டியர் வேலை, லீவில் சிஸ்டர் பின்னாலேயே நடப்பது, முடிவில் ஒரு சர்டிபிகேட். அந்தச் சர்டிபிகேட்டுக்காகத்தான் போனோம் என்பதில் நம் இரண்டு பேருக்குமே வெட்கம் இருந்ததில்லை. எனக்கு சி.ஏ. படிக்க வேண்டும், அதாவது பேங்கில் இருந்த அப்பாவுக்கு நான் சி.ஏ. படிக்க வேண்டும். உனக்கு, எந்த வேலையானாலும் சரி, மாசமானால் சம்பளம் வர வேண்டும். தாராவியின் அந்த மருந்து மையத்தில் நம்மைத் தவிர தமிழ் தெரிந்த ஆள் இல்லை. சிஸ்டரும் டாக்டரும் இந்தியில் சொல்வதைத் தமிழ் நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வதுதான் நம் வேலை. நான் என் பாலக்காட்டுத் தமிழில் கஷ்டப்பட்டு விளக்கி முடித்ததும், அவர்கள் நிதானமாகத் திரும்பி உன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ அதையே திருநெல்வேலித் தமிழில் இரண்டே வார்த்தையில் சொல்வாய். தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். அப்போது நீ என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு இன்னும் எனக்கு உன் மேல் கோபம்தான்.

சிஸ்டர் நமக்கு முதல் நாளே சொன்ன விதி ஒன்றுதான். "இதர் கா இதர்." இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அதென்ன பெரிய விஷயம் என்று இரண்டு பேரும் தலையாட்டினோம்.

செல்லத்தாய் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை, உனக்குத் தெரியும். உனக்கு எழுதுகிற மடல்தான் என்றாலும் காகிதம் காற்றில் பறக்கக் கூடியது. உன் சந்துக்கு நாலு சந்து தள்ளி, விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி இட்லி அவிப்பவர். சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி இட்லி விற்கப் போகிறவர்கள் அவரிடம்தான் வாங்கிப் போவார்கள். வீட்டுக்காரர் இல்லை. ஒரு மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு டி.பி. என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அடுப்படிக்குப் போலாமா?" என்பதுதான். மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாள் போனதும் டாக்டர் சரி என்றார். இட்லி வழியாகப் பரவுகிற நோயும் இல்லை. ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது? அவர் வாரத்தில் சில நாள், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து, சிஸ்டர் கண் முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டு, தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்த வேகத்தில் போய்விடுவார். உன்னை அவருக்குப் பிடித்திருந்தது. "எங்க ஊர்ப் பேச்சு" என்பார்.

உனக்கும் அவரைப் பிடித்திருந்தது. வினையே அதில்தான் வந்தது.

உங்கள் சந்தில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். நானும் ஓரிரு முறை வந்து, பாட்டுக்குத் தாளம் தப்பாகத் தட்டியிருக்கிறேன். கடைசியில் ஜெபக் குறிப்பு இருக்கிறவர்கள் எழுந்து சொல்லலாம். ஒருவர் மகனுக்கு வேலை கேட்பார், ஒருவர் முழங்கால் வலி தீரக் கேட்பார். அன்றைக்கு நீ எழுந்து நின்று, செல்லத்தாய் அக்காவுக்கு டி.பி. குணமாக வேண்டும் என்று கேட்டாய். பம்பாயில் எத்தனை செல்லத்தாய் இருப்பார்கள், ஆண்டவர் குழம்பிவிடக் கூடாது என்று, இட்லி அவிக்கிற செல்லத்தாய் என்றும் சேர்த்தாய். இதைப் பிறகு என்னிடம் சொன்னபோது உன் கண்ணில் கள்ளமே இல்லை. "ஆண்டவர்ட்ட சொல்லுததும் வெளிய சொல்லுத கணக்காட்டி?" என்று கேட்டாய். எங்கள் வீட்டில் யாருக்காவது அர்ச்சனை என்றால் பேரும் நட்சத்திரமும் சொல்வார்கள், நோயைச் சொல்ல மாட்டார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. மனமுருகித்தான் ஜெபித்தார்கள். ஆனால் அதில் ஒரு அம்மாவின் தம்பி சைக்கிளில் இட்லி விற்கிறவர். அடுத்த வாரத்துக்குள் செல்லத்தாய் அக்கா வீட்டு வாசலில் ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. அவரும் மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். இந்த மருந்தைப் பாதியில் விட்டால் நோய் முன்னைவிட முரடாகத் திரும்பி வரும், பிறகு சாதாரண மாத்திரைக்கு அடங்காது. நாம் எத்தனை பேருக்கு அதைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறோம்! சனிக்கிழமை சிஸ்டர், அவர் ஏன் வரவில்லை என்று கேட்டதும் நீ ஒளிக்கவில்லை. "மைனே போலா", நான்தான் சொன்னேன் என்றாய். நான் தரையைப் பார்த்தேன். சிஸ்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு பேரும் பின்னாலேயே வாருங்கள். நான் சொல்வதை மட்டும் தமிழில் சொன்னால் போதும்" என்றார்.

வேலை என்றால் என்ன என்று அன்று சாயங்காலம்தான் பார்த்தேன். சிஸ்டர் வெள்ளை யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டுப் பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டார். மருந்து அட்டைகளைத் துணிப்பையின் அடியில் போட்டார். வழியில் நின்று கொத்தமல்லி வாங்கி, இலை வெளியே தெரிகிற மாதிரி மேலே செருகினார். உங்கள் வீட்டில் கொத்தமல்லி இல்லையா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "காய் வாங்கிப் போகிறவளை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்" என்றார் இந்தியில். அப்பா எனக்காகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த எந்தப் படிப்பிலும் இப்படி ஒரு பாடம் இருக்காது என்று எனக்கு உடனே தோன்றியது.

செல்லத்தாய் அக்கா வீட்டில் இட்லிக் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் வெடித்தார்.

"ஆஸ்பத்திரிக்காரிய வாய்க்குப் பூட்டே கெடையாதோ? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு இப்ப எதுக்கு வந்திய?"

நான் அதை இந்தியில் சொன்னேன். முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். சிஸ்டர் உன் பக்கம் திரும்பக்கூட இல்லை. எல்லாத் திட்டையும் தானே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உன்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, அவங்க சொல்லல. நாந்தான் ஜெபத்துல சொன்னேன். நீங்க நல்லாவணும்னுதான் சொன்னேன்."

"நான் ஒங்கிட்ட ஜெபம் கேட்டனா?"

"கேக்கல."

"பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்லக்கா. தப்புதான்."

நீ அழுவாய் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் அவர் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க உனக்கு மனசில்லை என்று பிறகு சொன்னாய். நம் வயதில் அது எத்தனை பேருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியிருக்காது.

சிஸ்டர் தன்னால் முடிந்ததைச் சொன்னார். செம்பூர் மையத்துக்கு எழுதி மாற்றித் தருகிறேன், அங்கே இந்தத் தெருக்காரர்கள் யாரும் வர மாட்டார்கள். செல்லத்தாய் அக்கா கவிழ்த்து வைத்த கொப்பரையைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

"செம்பூருக்கு எனக்கு வழி தெரியாது. அங்க அவுக பேசுத பாசையும் தெரியாது."

"நான் வாரேங்க்கா" என்றாய்.

"நீ கூட வந்தா ஊரே பாக்கும். இப்பதான் ஒன்ன எல்லாருக்கும் தெரியுமே."

"கூட வரல. பின்னால வாரேன்."

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. மாத்திரைக்காவத்தான் வாரேன்" என்றார். அப்படியே வந்தார்.

அந்த பஸ் பயணங்களில் சிலவற்றில் நானும் இருந்தேன். அவர் முன்னால் ஏறுவார். நீ வேறு யாருக்கோ வழிவிட்டுக் கடைசியில் ஏறி, நாலு சீட் தள்ளி உட்காருவாய். இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு முன்பு நீ எழுந்து நிற்பாய், அதுதான் அவருக்கு அடையாளம். ஒரு நாள் கூட்டத்தில் யாரோ இடித்து அவர் சரியப் பார்த்தார். நீ பாதி எழுந்துவிட்டாய். அவர் திரும்பி ஒரு முறை முறைத்தார், நீ உட்கார்ந்துகொண்டாய். இன்னொரு நாள் உங்கள் சந்துக்காரம்மா ஒருத்தி அதே பஸ்ஸில் ஏறி, எங்கே போகிறாய் என்று துருவியபோது, டிராம்பேயில் இல்லாத ஒரு அத்தையை நீ உருவாக்கி, அவளுக்குச் சர்க்கரை வியாதியும் கொடுத்தாய். செல்லத்தாய் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்புதான் என்று நான் அடித்துச் சொல்வேன், நீ கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

டாக்டர் அறைக்குள் போனால் எல்லாம் மாறிவிடும். இருமல், தூக்கம், மகளின் படிப்பு என்று அவர் கொட்ட, நீ கேட்டதைக் கேட்டபடி டாக்டரிடம் சொல்வாய். ஒரு வார்த்தை கூட்ட மாட்டாய். கதவுக்கு வெளியே வந்தால் மறுபடி யாரோ எவரோ. தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு எப்போதும் எதையாவது கொடுக்க வேண்டும் என்று கை பரபரக்கும். உன் கையும் அப்படித்தான் பரபரத்தது. கொடுக்காமல், கூப்பிடாமல், ஆனால் போகாமல் பின்னாலேயே இருப்பதை நீ அந்த மாதங்களில் பழகினாய். நான் உன்னைப் பார்த்துப் பழகினேன். சி.ஏ. வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு அந்த பஸ்ஸில்தான் வந்தது.

அவருக்குக் குணமாயிற்று. பழைய சைக்கிள்காரர்கள் திரும்பவில்லை. நாம் செய்த சேதத்தில் அந்தப் பாதி அப்படியேதான் நின்றது. ஆண்டாப் ஹில்லில் தம்பி வீட்டுப் பக்கம் போய் அங்கே புதிதாக அடுப்பு மூட்டினார். உங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்து, "அந்த அக்காவுக்கு சொகமாயிட்டாமே, நீதான எழும்பிச் சொன்ன, சாட்சியும் நீயே சொல்லு" என்று உன்னைத் தூண்டினார். நீ எழவே இல்லை. "அது அவங்க சொல்ல வேண்டிய சாட்சி. எனக்கு ஒண்ணுந் தெரியாது" என்றாய். உன் அம்மாவுக்கே உன் மேல் வருத்தம். ஆண்டவர் செய்த நன்மையை மறைக்கிறாளே என்று என்னிடம் முறையிட்டார்.

ஆனால் போன வருஷம் உனக்கே வேறொரு பெரிய நோய் வந்தபோது, அதே கூட்டத்தில் எழுந்து நின்று, என்ன நோய், எந்த இடத்தில், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் நீயே சொன்னாய். காட்கோபரில் நீ வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபிலும் எல்லோருக்கும் சொல்லியிருந்தாய். நான் அசந்துபோய்க் கேட்டேன். "இது என் நோவுட்டி. யார்ட்ட சொல்லணும்னு நான்ல முடிவு பண்ணணும். நாலு பேரு ஜெபம் பண்ணுனா எனக்கு நல்லாருக்கு" என்று சிரித்தாய். உன்னைப் போல நெஞ்சு நிமிர்ந்த ஒருத்தியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. நீ இல்லாதது எனக்குத் தாங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை அந்தப் பெண், வந்திருந்த ஒரு நோயாளியோடு போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் போடலாமா என்று கேட்டாள். முகத்தை மங்கலாக்கிவிடுவாளாம். வேண்டாம் என்றேன். உன் கதையைப் பேர் ஊர் இல்லாமல் சொன்னேன். கடைசியில், "அந்த அக்கா அவங்களை மன்னிச்சாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அது நமக்குத் தெரிய வேண்டியதில்லை, நாளைக்குச் சீக்கிரம் வா, சும்மா என் பின்னால் இரு என்றேன். அவள் வருவாள் என்றுதான் தோன்றுகிறது. நல்ல பெண்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. உன்னை அடக்கம் செய்த அன்று சர்ச் நிறைந்து வழிந்தது. கடைசி பெஞ்சுக்கும் பின்னால், கதவோரம், செல்லத்தாய் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் தலையைக்கூட அசைக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த உன் பெரியம்மா திரும்பித் திரும்பி அவரையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ தாயி, அங்கன நிக்காள, அந்தப் பொம்பள யாரு? இந்த அழுவ அழுதாளே, நம்ம பிள்ளைக்கு அவ என்ன வேணும்?"

"தெரியலையே பெரியம்மா" என்றேன்.

இனி யார் கேட்டாலும் எனக்குத் தெரியாதுதான்.