ஊதுபத்திக் கால்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பிரேக் கல்லாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் கடக்கிற கோட்டுக்கு முன்னால் மிதித்தேன். கட்டாந்தரையை மிதித்த மாதிரி. இரண்டு காலையும் ஊன்றி சீட்டை விட்டு எழுந்தே விட்டேன். வண்டி கோட்டைத் தாண்டித்தான் நின்றது. ஒரு சின்னப் பெண்ணின் புத்தகப்பை முன்பக்கம் உரசியது. பைதான், அவள் இல்லை. கடவுளே, உனக்குக் கோடி கும்பிடு.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "எனக்கு நிக்குதே!" நிற்காமல் என்ன, இவர் தொடையும் என் இடுப்பும் ஒரே சுற்றளவு. "காலா அது, ஊதுபத்தி. சாமி கும்பிட்டுக் கும்பிட்டு அதுவாவே ஆயிட்டா."

அத்தைக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முடித்து வைத்தார்.

மெக்கானிக் கிடையாது. இன்னொரு முறை குறை சொன்னால் சாவியும் கிடையாது. சாவி போனால் வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்ப்பதும் போச்சு. முதியோர் இல்லம் இருக்கிற பக்கம் பஸ் போகாது. அது இவருக்கும் தெரியும்.

மார்ச் 5

வலது முழங்கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம்.

மார்ச் 6, வியாழன்

இவர் ஆபீஸ் வேனில் போன பிறகு, வண்டியோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து தரம் மிதிக்க வேண்டும். அப்புறம் காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நல்ல வண்டி என்றால் பெடல் தானாகக் கொஞ்சம் இறங்கிக் கொடுக்குமாம்.

என் காலுக்கடியில் ஒன்றும் அசையவில்லை. மறுபடி செய்தேன். அசையவில்லை.

அப்படியென்றால் குறை என் காலில் இல்லையே!

பானெட்டைத் திறந்தேன். மூடி போட்ட சட்டி மாதிரி ஒன்று, பூஸ்டராம். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறதே, அந்த இழுப்பை வைத்து நம் காலுக்குப் பலம் கொடுப்பது அதுதான். அதற்குப் போகிற கறுப்புக் குழாயின் வளைவில் 'ஸ்ஸ்' என்று சத்தம். விரலால் அடைத்தேன், சத்தம் நின்றது. எடுத்தேன், மறுபடி வந்தது. வெடிப்பு. குக்கர் ரப்பர் போனால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கிறவள் நான். இது தெரியாமலா போகும்?

மார்ச் 7, வெள்ளி

பழைய குழாயைக் கழற்றிப் பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். உதிரிபாகக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல ஆம்பளைங்க இல்லையாம்மா?"

"இருக்காரு. அதான் நானே வந்தேன்."

புதுக் குழாயை மாட்டி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் பெடல் மெத்தென்று இறங்கியது. அழுகை வந்தது. வாசலுக்குள்ளேயே மெதுவாக உருட்டிப் போய், பழக்க தோஷத்தில் ஓங்கி மிதித்துவிட்டேன். வண்டி சுவரில் மோதியது போல நின்றது. நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. இத்தனை நாள் கல்லை மிதித்த கால்தானே. இனி கட்டைவிரலால் தொட்டால் போதும்.

இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்: "அந்த பிரேக்கை..."

"பிரேக்குன்னு இன்னொரு வார்த்தை பேசினே, சாவி சாக்கடையில கிடக்கும்."

இவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன். இன்றைய கணக்கு: சொன்ன பொய் எதுவும் இல்லை. சொல்லாத உண்மை ஒன்று.

மார்ச் 8

இன்றும் சொல்லவில்லை. நேற்று பயம். இன்று என்னவென்று எழுத மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு கல்யாணம் விசாரிக்க எல்லோரும் கிளம்பினோம். இவர் ஓட்ட, பக்கத்தில் அத்தை. பின்னால் பாப்பாவுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினேன். நானும் போட்டுக்கொண்டேன்.

"அத்தை, பெல்ட் போட்டுக்கோங்க."

"என் புள்ள ஓட்டுறப்போ எனக்கு எதுக்குடி கயிறு? உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளிக்குத்தான் அது."

ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வழக்கம்போலத் தொடையின் முழுப் பலத்தையும் இறக்கி மிதித்தார். அத்தையின் முகம் டாஷ்போர்டில் போய் மோதிய சத்தம் — வேண்டாம். முன்பல் இரண்டு. ரத்தத்தை என் முந்தானையால்தான் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன்.

பிரார்த்தனையில் அத்தைக்காக வேண்டிக்கொண்டேன். வார்த்தைகள் மட்டும் வந்தன.

மார்ச் 10, திங்கள்

மெக்கானிக்கிடம் போய்விட்டு வந்தார். குழாய் புதுசு, பிரேக்கில் குறையே இல்லை என்றானாம்.

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

"ஏன்டி சொல்லலை?"

"பிரேக்குன்னு பேசக்கூடாதுன்னீங்களே."

கை ஓங்கினார். அடி விழுந்தது, ஒன்றுதான். இரண்டாவதற்குள் அத்தை வீங்கிய வாயோடு கட்டிலிலிருந்து கத்தினார்: "விடுடா! ஆஸ்பத்திரிக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவா? உன் வண்டியில நான் ஏறுவேன்னு நினைக்கிறியா?"

எனக்காகக் கத்தவில்லை. தெரியும்.

மார்ச் 13

இவர் வாசலில் ஓட்டிப் பழகினார். தொட்டால் குலுங்கி நிற்கிறது, விக்கல் எடுத்த மாதிரி. எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியே, "சார் புதுசா வண்டி கத்துக்கிறாரா?" என்று கேட்டார். இவர் இறங்கிக் கதவைச் சாத்திய சாத்தில் கண்ணாடி அதிர்ந்தது. சாவியை என் காலடியில் எறிந்தார். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

பல் டாக்டரிடம் அத்தையைக் கூட்டிப்போனேன். பாப்பாவோடு பின் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை அவரே தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை வாயில்.

"மெதுவா போம்மா" என்றார். பத்து வருஷத்தில் முதல் 'அம்மா'.

"சரிங்க அத்தை."

மெதுவாகத்தான் போனேன். தெரு காலி. குறுக்கே யாரும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் பிரேக்கை ஒரு தொடு தொட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார்.

"ஏம்மா நிறுத்தினே?" என்றாள் பாப்பா.

"பூனை" என்றேன்.

தெருமுனை வரைக்கும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்தப் பூனையைத் தேடிக்கொண்டே வந்தாள்.