வெள்ளிக்கிழமை முழுக்கு

17.01.1986, வெள்ளி

இன்றைக்கும் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. "நேசம், உது குளிப்போ? காகம்கூட உம்மைவிட ஆறுதலாய்க் குளிக்கும்" என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

தலையிடி மண்டையைப் பிளக்கிறது. நித்திரையும் இல்லை. "முந்தி எண்ணெய் வைச்சு முழுகிறனீங்களோ?" என்று டாக்குத்தர் கேட்டார். வெள்ளிக்கு வெள்ளி முழுகினவள்தான். எண்பத்து மூன்று ஆடியோடு விட்டது. கலவரம் ஓய்ந்துவிட்டதென்று நம்பி அந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்தேன். வைத்த தலையோடுதான் பின்மதில் ஏறி நஸீறா வீட்டு முற்றத்தில் விழுந்தேன். எங்கள் வீடு எரிந்தது. அகதி முகாமிலும் அதே எண்ணெய்த் தலைதான். எரிந்த வீட்டைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தும் முழுக்கு மட்டும் திரும்பவில்லை.

சரி, வருகிற வெள்ளி முழுகுகிறேன். எழுதிவிட்டேன், இனி மாறக்கூடாது!

23.01.1986, வியாழன்

வெள்ளவத்தை மார்க்கட்டில் நல்லெண்ணெய், சீயாக்காய், தேசிக்காய் எல்லாம் வாங்கியாச்சு! கல்யாணவீட்டுக்குப் போகிறவள் மாதிரிக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எனக்கென்ன விசரோ?

24.01.1986, வெள்ளி

உச்சியில் எண்ணெய் பட்டதும், ஐயோ, என்ன சுகம்! அந்த நேரம் பார்த்துக் கேற்றில் டமடமவென்று அடி. எப்படி ஓடினேனோ தெரியாது, மதிலில் பாதி ஏறிவிட்டேன்.

"நோனா, பாண் ஓனத?"

பாண் வேணுமோ என்று சிங்களத்தில் கேட்கிறான், புதுப் பாண்காரன்! மணியடிக்கத் தெரியாத மனுசன். நாசமாய்ப்போற பயம், எப்பதான் என்னை விடப்போகுது?

மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீறா நின்றாள். "அண்டைக்கி நீங்க எண்ணெ பூசின தலகாணி இன்னும் எங்கட ஊட்டுல ஈக்கி. இண்டைக்கி எதுல பூசப்போறீங்க அக்கா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். ஆனால் முழுக்கு நடக்கவில்லை. சவர்க்காரம் போட்டு அவசரமாய்க் கழுவினேன்.

31.01.1986, வெள்ளி

நஸீறா கேற்றடியில் கதிரை போட்டுக் காவல் இருந்தாள். நான் உள்ளே இருந்து நிமிடத்துக்கு ஒருக்கால், "நஸீறா, நிக்கிறீரோ?" "ஈக்கிறேன் அக்கா, முழுகுங்க!" தெருவே கேட்டிருக்கும். வெட்கம்தான். ஆனால் சீயாக்காய் தேய்த்து முழுகிவிட்டேன்! கதவு மட்டும் திறந்தபடி.

01.02.1986

விடியும்வரை நித்திரை. இவர் எழுப்பித்தான் எழும்பினேன்!

07.02.1986, வெள்ளி

நஸீறா மருதானைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் கந்தோர் வேலைக்குப் போய்விட்டார். நான் தனியே.

எண்ணெய் வைத்தேன். தாழ்ப்பாள் போட்டேன். ஒருக்கால் இழுத்தும் பார்த்தேன். சீயாக்காயை அள்ளித் தலையில் அப்பினதும் கேற்றில் டமடம. கால் எழும்பப் பார்த்தது.

"பொறுங்கோ! நான் முழுகிறன்!" என்று கத்தினேன். என் குரலா அது? பிறகு ஆறுதலாய், கடைசி வாளிவரை ஊற்றி, தலை துவட்டி, சாம்பிராணி காட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பாண்காரன் போய்விட்டான். பாண் இல்லை, இரவைக்கு இவருக்குப் புட்டு அவிக்க வேண்டும்.