என் நம்பரில் ஓடியவர்

பாளையங்கோட்டை
வியாழக்கிழமை

பிரியமான மகள் ஸ்டெபிக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நியூசிலாந்தில் நீயும் ஜெனோ மாப்பிள்ளையும் குட்டி எபியும் சுகமாக இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். போன் இருக்கிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போனை எடுத்தால்தானே பேசுவதற்கு? மாப்பிள்ளைதான் எடுக்கிறார், குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று பாவம் அவரும் எத்தனை நாளைக்குத்தான் சொல்லுவார். கடிதம் மணி அடிக்காது, அது பாட்டுக்கு மேசையில் கிடக்கும், என்றைக்காவது பிரித்துத்தானே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். ஆனாலும் தினமும் மத்தியானம் வடிவம்மாள் வீட்டுக்கு நடந்து போய், அவளை நாலு வாய் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வருகிறாள். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறதாம், நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் வீட்டுக்காரர் முத்துமாலை அண்ணாச்சி இறந்து இன்றோடு பத்தொன்பது நாள். காலை ஐந்து மணிக்குத் தானாக முழிப்புத் தட்டிவிடுகிறது, எழுந்து பல் தேய்த்து ஷூவைக்கூட எடுத்துவிடுகிறேன், அப்புறம்தான் கேட்டில் வந்து கூப்பிட ஆள் இல்லை என்று உறைக்கிறது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

நான் ரிட்டயராகி, சுகர் வந்து, டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நாலு வருஷமாக அவர்தான் எனக்குத் துணை. மார்க்கெட்டில் உடன்குடிக் கருப்பட்டி விற்கிறவருக்கும் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க்குக்கும் என்ன ஒட்டு என்று அம்மாவே கேட்டிருக்கிறாள். நடந்தோம், அப்புறம் மெல்ல ஓடினோம், அப்புறம் எந்த ஊரில் ஓட்டப் பந்தயம் என்று கேள்விப்பட்டாலும் பெயர் கொடுக்கிற அளவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. நாங்குநேரியில் நாங்கள் வந்து சேர்ந்தபோது பந்தல்காரன் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான், மெடல் கொடுக்கிறவர்கள் சாக்குப் பையைத் துழாவி இரண்டு எடுத்துத் தந்தார்கள், வாழைப்பழம் தீர்ந்துபோயிருந்தது. எங்களை யாரும் படம்கூடப் பிடிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது இருந்த சந்தோஷம் எனக்குப் பிரமோஷன் வந்தபோதுகூட இருந்ததில்லை. அவர் நினைத்தால் என்னைவிட எவ்வளவோ வேகமாக ஓடுவார். என்னை விட்டுவிட்டு ஒரு நாளும் ஓடினதில்லை. நான் மூச்சு வாங்கினால், சார்வாள் பைய வாரும், மெடல் எங்கன ஓடிரப் போவுது என்பார்.

திசையன்விளையில் வெயிலில் எனக்குத் தலை சுற்றி ரோட்டோரச் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டதும், அவரும் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்ததும், யாரோ அதைப் படம் எடுத்துப் போட நீ பார்த்துவிட்டதும் உனக்குத் தெரிந்த கதைதான். இனி ஓடினால் உங்களோடு பேசவே மாட்டேன் என்று அழுதாய். சரி மகளே, ஓடவில்லை என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் வண்ணாரப்பேட்டைப் பத்துக் கிலோமீட்டருக்கு அதற்கு முன்னமே பெயர் கொடுத்திருந்தேன். நம்பர் அட்டையும் பனியனும் வீட்டுக்கு வந்துவிட்டன. அண்ணாச்சி பெயர் கொடுக்கத் தவறிவிட்டார், கடை வேலையில் கடைசித் தேதி போய்விட்டது. சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான்தான் என் அட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, எனக்குப் பதிலாக நீர் ஓடும் அண்ணாச்சி என்றேன். மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று விதிமுறைத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் ஒருத்தர் கையெழுத்தை இன்னொருத்தர் போட விடாத ஆள் நான். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கொள்ளைப் பேர் இப்படித்தான் அடுத்தவர் அட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓட வருகிறார்கள். அட்டையின் பின்பக்கம் என் பெயரும் வயதும், அவசரத்துக்குக் கூப்பிட உன் நம்பரும் இருந்தது அந்த நேரம் என் புத்தியில் தட்டவே இல்லை. அம்மா போனைப் பையின் அடியில் போட்டு வைத்திருப்பாள், எடுக்க மாட்டாள் என்றுதான் எல்லாப் பந்தயத்துக்கும் உன் நம்பரைக் கொடுப்பது வழக்கம்.

பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஓடப் போகாமல் நான் ஆராதனைக்கு வந்ததில் அம்மாவுக்கு ஒரே குளிர்ச்சி. நற்கருணை ஆராதனை, போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். அண்ணாச்சியோ தன் போனைக் கடையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர்கள் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் என் பெயரைத்தான் எழுதினார்கள். எட்டரைக்கு நான் வெளியே வந்து போனைத் திறந்தால் உன் அழைப்பு மட்டும் நாற்பத்தொன்று. அதற்கு இருபது நிமிஷம் முன்னால் அவர் போய்விட்டார். அம்மா போனில், அப்பா ஓடயில விழுந்துட்டாவ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று நீ அனுப்பியிருந்ததைப் பார்த்ததும் விழுந்தது யார் என்று விளங்கிவிட்டது, திருப்பிக் கூப்பிட்டால் உன் லைன் கிடைக்கவில்லை. வடிவம்மாளிடம் நான் ஓடிப் போய்ச் சொல்லி, அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. ஒன்றேகால் மணி நேரம் உயிரோடு கிடந்த மனுஷனின் பக்கத்தில் இருக்க அவளை நான் விடவில்லை மகளே. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

இனி உன் காரியம். மாப்பிள்ளை போன வாரம் உள்ளதைச் சொல்லிவிட்டார், அவரைக் கோபிக்காதே. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் உன்னைக் கூப்பிட்டபோது, காது மந்தத்துக்காகப் போனைச் சத்தமாக வைத்திருந்தேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, எங்கப்பா இல்ல, எங்கப்பா இல்ல என்று நீ கதறினாய். இரண்டு எட்டுத் தள்ளி வடிவம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் காதில் விழுந்ததே என்றும், நீ என்னைத் தடுத்திராவிட்டால் அவர் தப்பியிருப்பாரே என்றும் நீ சோறு தண்ணீர் இல்லாமல் குமைகிறாயாம். நீ தடுத்தது தகப்பன் மேல் உள்ள பிரியத்தால். அட்டையை எடுத்துக் கொடுத்தது நான். இதில் உன் பங்கு என்று ஒன்றும் கிடையாது, என் பங்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே. நீ சொன்ன அந்த வார்த்தை அவளுக்குக் கேட்டதுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மா அவளிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டபோது அவள், அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய மதினி, நானா இருந்தாலும் அப்படித்தான் கும்பிட்டிருப்பேன் என்று சொல்லி அழுதாளாம்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பிரேமலதா என்று ஒரு பி.டி. டீச்சர் வந்திருந்தார். தண்ணீர் மேசையில் நின்று உனக்குப் போன் போட்டது அவர்தான். ஆம்புலன்ஸ் வருகிறவரை, மகள் குரலைக் கேட்டால் தைரியம் வருமே என்று போனை அண்ணாச்சி காதருகில் வைத்தாராம். நீ அப்பா, அப்பா, பயப்படாதிய, நான் இருக்கேன் என்று விடாமல் சொன்னாயாம். அவர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார், ஆம்புலன்ஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, அந்த மகளுக்குத்தான் கேட்டிருக்கும் என்றார் டீச்சர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே. மாப்பிள்ளையைக் கேட்டேன், அது மட்டும் எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கா மாமா என்கிறார். அது உன் சத்தம் என்றும், நீ கூப்பிடுவது என்னை என்றும் தெரியாமலா போயிருக்கும் அந்த மனுஷனுக்கு, பிள்ளையில்லாத மனுஷன், கடைசியாக ஒரு பிள்ளை அப்பா என்று கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

வடிவம்மாள் அன்றிலிருந்து வேறு ஒன்றும் கேட்பதில்லை. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போட்டுத் தாங்க, அவுக என்ன சொன்னாவன்னு மட்டும் கேட்டுக்கிடுதேன் என்றாள். நான் உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகளே, என்னோடு பேசாவிட்டாலும் போகிறது. அவளோடு பேசு. மத்தியானம் அம்மா போகிற நேரத்தில் வீட்டில் இருப்பாள், அவள் நம்பரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர் சொன்னது எதுவானாலும் உள்ளபடி சொல்லு, ஆறுதலுக்கென்று நீயாக ஒரு வார்த்தை சேர்க்காதே. ஒன்றும் விளங்கவில்லை, மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது என்றாலும் அதையாவது சொல்லு. அவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. எபியைக் குளிரில் வெளியே விடாதே. தேவன் உன்னையும் உன் வீட்டாரையும் தம் செட்டைகளுக்குள் வைத்துக் காப்பாராக. அம்மா தன் முத்தங்களையும் இதில் எழுதச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள அப்பா,
தானியேல்