கீரைக்காரியின் கையில் உன் குடை

எனக்கு இன்றைக்கும் பிரியமுள்ள ஸ்டெல்லா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நேற்றுவரை வீட்டில் உன்னுடையதென்று ஒரு பொருளும் கிடையாது. எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிட்டுத்தானே போனாய்.

வியாதி இன்னதென்று தெரிந்த வாரம், புத்தரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்தாய். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவாய், மற்ற நாளெல்லாம் அதுதான் வாசிப்பு. எதுவும் நிலைக்காது, நிலைக்காததைப் பிடித்துக்கொள்வதுதான் துக்கம் என்று எனக்கும் சொன்னாய். தலையாட்டினேன். பட்டுப்புடவைகளை உன் தங்கைக்குக் கொடுத்தபோதும் தலையாட்டினேன். பிறகு ஒருநாள் அவளிடமே எனக்குப் பெண் பார்க்கச் சொன்னாய்.

"என்னையுமா குடுக்கப் போற?" என்றேன்.

"விடுறதுண்ணா வெறுக்கதுண்ணு அர்த்தம் இல்ல, கேட்டியளா" என்றாய்.

கடைசியில் மிஞ்சியது உன் நீலக் குடை. அடக்கம் முடிந்த மறுவாரம், நானும் உன்னைப் போல் ஆகிக் காட்டுகிறேன் என்ற வீம்பில், வடசேரி சந்தையில் உனக்குக் கீரை கொடுக்கும் செல்லம்மாளிடம் அதைக் கொடுத்தேன். மறுநாளே போய் நின்றேன். எப்படித் திருப்பிக் கேட்பது? இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து தினமும் கீரைதான். எனக்குக் கீரை ஆகாது என்பது உனக்குத் தெரியும்.

நேற்று அவளே சொல்லிவிட்டாள். "சாரே, நீங்க கீரைக்கு வரல்ல. குடைய எடுத்துட்டுப் போங்க."

நல்ல மழை. வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன், ஸ்டெல்லா. அவள் ஒரு சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

குடை இப்போது கட்டிலில் நீ படுக்கும் பக்கம் கிடக்கிறது. ஒரு ஆறுதலும் இல்லை. அது வெறும் குடை.

ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உன் கையைப் பிடித்திருந்தேன். நீ மெல்ல உருவிக்கொண்டாய். ஊசி ஏற்றிய கை, வலித்திருக்கும் என்கிறாள் உன் தங்கை. வலிதானா? இல்லை, என்னையும் கொடுத்துத் தீர்த்துவிட்டாயா? இதைச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

நாளைக்குக் குடையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவள் நனையக் கூடாது. அது சத்தியம். உன் கையை மட்டும் விடச் சொல்லாதே, என்னால் ஆகாது.

நீ கொடுத்தும் போகாத,
உன் வீட்டுக்காரன்