உடன் வருபவர்

என்னங்க,

இன்று பதினொரு மணிக்கு உங்களுக்குப் பல் பிடுங்க வேண்டும். "மூட்டை தூக்குற ஆளுக்குப் பல்லுன்னா நடுக்கமா?" என்று நேற்று நான் சிரித்தது தப்புதான்.

ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். மூக்கில் வைக்கும் வாயு என்றால் லேசான மயக்கம், சீக்கிரம் தெளிந்துவிடும். நரம்பில் போடும் ஊசி என்றால் அரைத்தூக்கம், நடந்தது அவ்வளவாக நினைவிருக்காது. ஆனால் வெறும் வயிறும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். எது வேண்டும் என்பது உங்கள் இஷ்டம். முடிவு செய்யும்வரை சாப்பிடாதீர்கள்.

படிவத்தில் 'உடன் வருபவர்: யாருமில்லை' என்று எழுதியிருந்தீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். தையல் கடையில் சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: மயக்கத்தில் என்னைத் திட்டினாலும் திட்டுங்கள். தெளிந்தபின் சொல்லிக்காட்ட மாட்டேன்.